தம்பி மகன் எடுத்த வீடியோவை ‘ஏஐ’ என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். சில மாதங்களுக்கு முன், ஓர் அமைச்சர் பேசுவதாக வந்த குரல் பதிவை உண்மை என்று நம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது ஏஐ செய்த போலி என்று மறுநாள் தெரிந்தது. எல்லோரும் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். போன வாரம் என் தம்பி மகன், வெள்ளத்தில் ஒரு கார் மிதந்து போகும் வீடியோவைப் போட்டான். எனக்கு அது செயற்கையாகப் பட்டது. இணையத்தில் கிடைத்த ஒரு கண்டறியும் கருவியில் கொடுத்துப் பார்த்தேன், 87 சதவீதம் ஏஐ என்றது. ‘இது பொய் வீடியோ, யாரும் பரப்பாதீர்கள்’ என்று குழுவிலேயே எழுதிவிட்டேன். கடைசியில் பார்த்தால், அது அவனே தன் வீட்டு மாடியிலிருந்து எடுத்ததாம். ‘பெரியப்பாவுக்கு என் மேல் இவ்வளவுதான் நம்பிக்கையா’ என்று கேட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்றால் இனி எதைத்தான் நம்புவது? நம்பகமான கருவி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, கருவியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

செய்தி அறைக்கு வரும் படங்களையும் வீடியோக்களையும் வெளியிடும் முன் சரிபார்ப்பது என் வேலை. வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ‘போலியை நம்பி ஏமாந்தேன்’ என்று வருபவை. அசலைப் போலி என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியவர், என் நினைவில், நீங்கள்தான் முதல் ஆள். அப்படி யாருக்கும் நடப்பதில்லை என்று நினைக்காதீர்கள். நடந்தாலும் தெரிவதில்லை, தெரிந்தாலும் வெளியே சொல்வதில்லை.

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கூட்டத்தின் படம் வந்தது. முன்வரிசையில் நின்ற பெண்மணியின் கையில் ஆறு விரல். அப்போது ‘விரலை எண்ணு’ என்பதுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த மந்திரம். எண்ணினேன், ஆறு. படத்தை நிறுத்திவிட்டேன். படம் எடுத்தவர் கோபமாக, அதற்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாக எடுத்த பதினோரு படங்களை அனுப்பினார். ஆறாவது விரல், பின்னால் நின்ற குழந்தையுடையது. அடுத்த படத்தில் அந்தக் குழந்தை கையை எடுத்துவிட்டிருந்தது. அந்தப் பதினோரு படங்களை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் குழுவுக்கு ஒரு வருடத்தில் 1000 வீடியோக்கள் வருகின்றன, அவற்றில் 20 ஏஐ செய்தவை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 20 போலிகளில் 18 பிடிபடும். மீதி 980 அசல்களில் பத்தில் ஒன்றைத் தப்பாகச் சொல்லும், அதாவது 98. ஆக, கருவி ‘ஏஐ’ என்று கைகாட்டுவது 116 வீடியோக்கள், அவற்றில் 98 அசல். கருவி சிவப்பு விளக்கு போடும்போதெல்லாம் நீங்கள் குழுவில் எழுதினால், ஏறத்தாழ ஏழு முறையில் ஆறு முறை யாராவது ஒருவர் குழுவை விட்டு வெளியேறுவார். இந்த எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. ஆனால் அசல் அதிகமாகவும் போலி குறைவாகவும் இருக்கும் எந்த இடத்திலும் கணக்கின் போக்கு இதுதான். நிகழ்தகவுப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். அவமானப்பட்ட நேரத்தில் பாடம் ஞாபகத்துக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த 87-ஐயும் பார்த்துவிடலாம். அந்த வீடியோ பொய்யாக இருக்க 87 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. தனக்குப் பயிற்சியில் காட்டப்பட்ட போலிகளோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு அந்த மென்பொருள் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண், அவ்வளவுதான். வாட்ஸ்அப் வழியாக வரும் வீடியோ சுருக்கப்பட்டு, நுணுக்கங்கள் மழுங்கித்தான் வந்து சேர்கிறது. சேற்று நீர், மழை, மங்கலான வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் நீரின் பரப்பு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். போதாததற்கு, இன்றைய செல்பேசிகள் எடுக்கும்போதே படத்தைத் திருத்துகின்றன, ஆட்டத்தைச் சரிசெய்கின்றன, இருட்டை வெளிச்சமாக்குகின்றன. 2023-இல் ஒருவர், நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, அதைச் சாம்சங் செல்பேசியால் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் செல்பேசியின் படத்தில் வந்திருந்தன. கேமராவுக்குள்ளேயே ஏஐ குடியிருக்கும்போது, ‘இதில் ஏஐ இருக்கிறதா’ என்று கருவியிடம் கேட்பது அரைகுறைக் கேள்வி. எழுத்துக்கும் இதே கதைதான். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் தானே எடுத்துவிட்டது.

கருவி இல்லாவிட்டால் போகட்டும், கண் இருக்கிறதே என்பீர்கள். 2018-இல், டீப்ஃபேக், அதாவது ஏஐ செய்த போலி வீடியோக்களில் வருபவர்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சொன்ன சில மாதங்களிலேயே போலி மனிதர்கள் சிமிட்டத் தொடங்கிவிட்டார்கள். விரல், காது வளையம், பல் வரிசை, பெயர்ப்பலகை எழுத்து என்று நாம் சொல்லிக்கொடுத்த ஒவ்வோர் அடையாளமும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி உருவாக்கிய முகங்களையும் உண்மையான முகங்களையும் கலந்து காட்டி, எது எது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 48 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். பயிற்சி கொடுத்த பிறகும் 59-ஐத் தாண்டவில்லை. இதில் வேடிக்கை, போலி முகங்களைத்தான் மக்கள் ‘நம்பத் தகுந்த முகம்’ என்று சற்று அதிகமாக மதிப்பிட்டார்கள்.

உங்கள் வெள்ள வீடியோவின் கதை 2024-இல் வேறு விதமாக நடந்தது. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக்காரர், ஏஐ படங்களுக்கான போட்டிப் பிரிவில், தான் கேமராவில் எடுத்த ஒரு பூநாரையின் படத்தை அனுப்பினார். பறவை தலையைத் தாழ்த்தி வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்ததால் தலையே இல்லாததுபோல் தெரிந்தது. படம் பரிசு வாங்கியது. உண்மையைச் சொன்னவுடன், அசல் படம் என்ற குற்றத்துக்காக விலக்கப்பட்டது. நடுவர்களுக்கே அந்தப் பறவை ஏஐயாகப் பட்டிருக்கிறது என்றால், மிதக்கும் கார் உங்களுக்கு அப்படிப் பட்டதில் என்ன ஆச்சரியம்? அதிலும் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டவர்.

அப்படியானால் நாங்கள் எதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்? பெரும்பாலும் படத்துக்கு வெளியே இருப்பதை வைத்து. யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார், எப்போது, முதன்முதலில் எங்கே வெளியானது, நம் கைக்கு எத்தனை கை மாறி வந்தது. ‘தெருவில் போகிறவர் கொடுத்தார்’ என்று சொன்னால் யாரும் பத்திரத்தை வாங்க மாட்டோம். வாரிசு யார், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று பார்ப்போம். படத்துக்கும் அதே விசாரணைதான்.

உங்கள் வீடியோவையே எடுத்துக்கொள்வோம். என் மேசைக்கு வந்திருந்தால் முதல் வேலையாக உங்கள் தம்பி மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன். ‘தம்பி, இது நீங்கள் எடுத்ததா, யாராவது அனுப்பியதா?’ இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ‘ஃபார்வேர்டு வந்தது’ என்றால், அவர் நேர்மையானவர் என்பது வீடியோவுக்குச் சான்று ஆகாது. ‘நானே எடுத்தேன்’ என்றால் அடுத்த கேள்விகள்: எந்த மாடி, எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தது ஏதாவது இருக்கிறதா? உண்மையில் அங்கே நின்றவரிடம் வீணான துண்டுகள் எப்போதும் இருக்கும். விரல் மறைத்தது, தரையைக் காட்டியது, ‘ஐயோ போகுது பாரு’ என்று கத்தியது. அந்தக் குப்பைதான் எனக்குப் பொக்கிஷம். போலி செய்கிறவர் அழகான எட்டு விநாடியைத்தான் வைத்திருப்பார். பிறகு செல்பேசியில் இருக்கும் மூலக் கோப்பைக் கேட்பேன். எடுத்த நேரமும், இடத்தைப் பதிவுசெய்யும் வசதி போட்டிருந்தால் இடமும் அதில் இருக்கும். இவற்றை மாற்றி எழுதவும் முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப மாட்டேன். எதிர்வீட்டுச் சுவர், மின்கம்பம், மாடியின் கைப்பிடி ஆகியவற்றை வரைபடத்தில் கிடைக்கும் தெருப்படத்தோடு ஒப்பிடுவேன். அன்று அங்கே மழை பெய்ததா என்று பார்ப்பேன். கடைசியாக, அதே காரை வேறு யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா என்று தேடுவேன்.

இந்தக் கடைசிச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. 2023 மே 22 அன்று, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டு வெடித்ததாக ஒரு படம் பரவியது. கரும்புகை, கட்டடம், வேலி என்று பார்த்தவுடன் நம்பும்படி இருந்தது. பங்குச் சந்தைகூடச் சில நிமிடம் சறுக்கியது. வேலியின் கம்பிகள் ஒன்றோடொன்று குழைந்திருப்பதைச் சிலர் கண்டுபிடித்தது உண்மைதான். ஆனால் அதைவிட எளிய சான்று ஒன்று இருந்தது. பகல் நேரம், போக்குவரத்து மிகுந்த இடம், அப்படியும் வேறு ஒருவர்கூட வேறு பக்கத்திலிருந்து ஒரு படம் போடவில்லை. பெரிய சம்பவம் ஒன்றுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால், உள்ளூர்த் தீயணைப்புத் துறையோ காவல்துறையோ வாய் திறக்கும்வரை அதை அப்படியே வைத்துவிடுங்கள். அன்று அந்தப் பகுதித் தீயணைப்புத் துறை மறுத்ததும் கதை முடிந்தது.

நீங்கள் முதலில் ஏமாந்தது குரல் பதிவில். அதற்காக ரொம்ப வெட்கப்பட வேண்டாம். இருப்பதிலேயே கடினமானது குரல்தான். நிழல் கிடையாது, பின்னணி கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரு கிடையாது. மூன்று விநாடிக் குரல் மாதிரி இருந்தால் அதைப்போலவே பேசவைக்க முடியும் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். ஸ்லோவாக்கியாவில் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தேர்தல். இரண்டு நாள் முன்பு, ஒரு கட்சித் தலைவர் தேர்தலில் முறைகேடு செய்வதுபற்றிப் பத்திரிகையாளர் ஒருவரோடு பேசுவதாக ஒரு பதிவு வெளியானது. பிரச்சாரத்துக்குத் தடையுள்ள அமைதிக் காலம் அது, பதில் சொல்வதற்கும் வழி குறுகல். நேரம் பார்த்துத்தான் விட்டிருக்கிறார்கள். அதனால் குரல் பதிவு வந்தால், குரலைக் கூர்ந்து கேட்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். யார் முதலில் வெளியிட்டார், எந்தக் கூட்டத்தில் பேசியது, பேசியதாகச் சொல்லப்படுபவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஒருநாள் பொறுங்கள். பணம் கேட்கும் குரலாக இருந்தால் பொறுக்கக்கூட வேண்டாம், அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். 2024-இல் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளை நேரில் பார்த்துப் பேசிய நம்பிக்கையில் சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் அசல்.

இன்னொன்று. ஏஐ ஏஐ என்று பேசிப் பேசி, பழைய மோசடிகளை மறந்துவிடுகிறோம். எந்தப் புயல் வெள்ளம் வந்தாலும், நெடுஞ்சாலை நீரில் சுறா நீந்தும் ஒரு படம் சுற்றுக்கு வரும். 2011-இலிருந்து வந்துகொண்டிருக்கிறது, வெறும் வெட்டி ஒட்டும் வேலை. 2019-இல் அமெரிக்க அரசியல்வாதி நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுவதுபோல் பரவிய வீடியோவில் முக்கியமாகச் செய்தது, வேகத்தைக் குறைத்ததுதான். என் மேசைக்கு வருவதில் நிறைய, எங்கேயோ எப்போதோ எடுத்த அசல் படம், இன்றைய தேதியும் வேறு ஊர்ப் பெயரும் ஒட்டப்பட்டது. இவற்றுக்கெல்லாம் ஏஐ கண்டறியும் கருவி பெரும்பாலும் ‘அசல்’ என்றே பச்சை விளக்கு காட்டும். கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ படத்தைக் கொடுத்துத் தேடினால் அது முன்பு வெளியான இடம் பெரும்பாலும் சிக்கிவிடும். வீடியோ என்றால் நல்ல ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். நீங்கள் ஏதாவது ஒன்றைத்தான் கற்றுக்கொள்வீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

படத்திலேயே முத்திரை குத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. சி2பிஏ என்ற பொதுத் தரம், படம் எந்தக் கேமராவில் பிறந்தது, பிறகு என்ன திருத்தம் நடந்தது என்ற வரலாற்றைக் கோப்போடு கையொப்பமிட்டு வைக்கிறது. லைக்கா நிறுவனம் 2023-இல் அந்த வசதியுள்ள கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூகுளின் சிந்த்ஐடி, தன் ஏஐ உருவாக்கும் படங்களில் கண்ணுக்குத் தெரியாத குறியைப் பதிக்கிறது. நல்ல முயற்சிகள்தான், வரவேற்கிறேன். ஆனால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சி2பிஏ வரலாறு உதிர்ந்துவிடும், கூகுளின் குறி அதைப் பதிக்கும் கருவிகள் செய்தவற்றில்தான் இருக்கும். முத்திரை இருந்தால் தகவல். இல்லாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், இனி எதைத்தான் நம்புவது. கண்ணால் காண்பதும் பொய் என்று பாதிப் பழமொழியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தீர விசாரிக்கும் மீதிப் பாதியில்தான் வேலை இருக்கிறது, அதனாலோ என்னவோ. எதையும் நம்ப மாட்டேன் என்பது பார்ப்பதற்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். அது யாருக்கு உதவுகிறது தெரியுமா? பிடிபட்டவனுக்கு. ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரன் என்ற சட்டப் பேராசிரியர்கள் இதற்குப் ‘பொய்யனுக்குக் கிடைக்கும் லாபம்’ என்கிற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். போலிகள் பெருகப் பெருக, உண்மையான வீடியோவில் சிக்கியவரும் ‘அது ஏஐ’ என்று கையை உதறிவிட்டுப் போகலாம். 2024 ஆகஸ்டில் கமலா ஹாரிஸின் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்த படத்தை, அங்கே யாருமே இல்லை, ஏஐ செய்தது என்றார் டிரம்ப். அந்தக் கூட்டத்தைப் பல செய்தி நிறுவனங்கள் நேரில் நின்று படம் எடுத்திருந்தன, அதனால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பத்துப் பேர் மட்டும் பார்த்த ஒரு சம்பவத்தில், ஒரே ஒருவர் செல்பேசியில் எடுத்திருந்தால்?

ஆப்பிரிக்க நாடான கபோனில் நடந்தது இன்னும் மோசம். பக்கவாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் வெளியே வராத அதிபர் அலி போங்கோவின் புத்தாண்டு உரை வெளியானது. முகம் விறைப்பாக இருக்கிறது, இது டீப்ஃபேக் என்று பேச்சு கிளம்பியது. 2019 ஜனவரி 7 அன்று சில ராணுவத்தினர், அந்த உரையையும் காரணமாகச் சொல்லி, ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார்கள். பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அந்த வீடியோ போலி என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே பேயை விரட்டத் துப்பாக்கியோடு கிளம்பிவிட்டார்கள்.

நம்பிக்கையைக் கெடுப்பது ஏஐ மட்டும் இல்லை. 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் இளவரசி கேட், குழந்தைகளோடு இருக்கும் படத்தைத் தானே லேசாகத் திருத்தி வெளியிட்டார். ஒரு குழந்தையின் சட்டைக் கை பொருந்தவில்லை என்று பெரிய செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. இரண்டு வாரம் கழித்துத் தனக்குப் புற்றுநோய் என்று அவரே வீடியோவில் சொன்னபோது, அதையும் ஏஐ என்றவர்கள் இருந்தார்கள். அதே சமயம், முன்கூட்டியே பேசி வைத்தால் பலன் கிடைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2022 மார்ச்சில் உக்ரைன் அரசு, அதிபர் சரணடைவதுபோல் போலி வீடியோ வரலாம் என்று முதலிலேயே எச்சரித்தது. இரண்டு வாரத்தில் அப்படியே வந்தது. சற்று நேரத்தில் ஜெலன்ஸ்கி தானே தோன்றி மறுத்தார், யாரும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை. உங்கள் குழுவிலும் அப்படி ஒன்றை இப்போதே பேசி வைக்கலாம். தானே எடுத்ததைப் போடுகிறவர் ‘நான் எடுத்தது’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடட்டும். மற்றது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்கிறவர் கேள்வியாகக் கேட்க வேண்டும், தீர்ப்பாக எழுதக் கூடாது.

தீர்ப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வேலையில் உண்மை, பொய் என்று இரண்டு பெட்டி மட்டும் இல்லை, ‘இன்னும் தெரியவில்லை’ என்று மூன்றாவது பெட்டி இருக்கிறது. என் மேசையில் நிறைய அதில்தான் போய் விழுகிறது. ‘கொடுக்கப்பட்ட தரவு போதாது’ என்று விடை எழுதும் மாணவனுக்கு நீங்கள் மதிப்பெண் கொடுத்திருப்பீர்கள்தானே. குழுவில் நீங்களும் அதை எழுதலாம், யாரும் குறைத்து நினைக்க மாட்டார்கள்.

தம்பி மகன் விஷயத்துக்கு என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் வர வேண்டும். தனியாகத் தொலைபேசியில் சமாதானம் சொன்னால் பாதிதான் ஆகும், ஏனென்றால் அவனைப் பொய்யன் ஆக்கியது இத்தனை உறவினர் பார்த்த இடத்தில். முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். மூலக் கோப்பைக் காட்டு என்றெல்லாம் இப்போது கேட்காதீர்கள், அதற்கான நேரம் போய்விட்டது. அவனை மறுபடியும் குழுவில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அவன் உள்ளே வந்த பிறகு எழுதுங்கள்: ‘போன வாரம் நான் பொய் என்று சொன்ன வெள்ள வீடியோ உண்மையானது. இவன் தன் மாடியில் நின்று எடுத்தது. இவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கருவியைக் கேட்டது என் தவறு.’ இதற்குமேல் விளக்கம் வேண்டாம். முதலில் ஏமாந்த கதையை இதில் இழுக்காதீர்கள், அது சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

அவனுக்குச் சம்மதம் என்றால், அன்று எடுத்த மற்றத் துண்டுகளையும் போடச் சொல்லுங்கள். அந்தக் கார் கடைசியில் எங்கே போய் நின்றது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை.